கணவர் வீட்டில் சொன்னதை மனைவி கோர்ட்டில் சொல்ல வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். உங்கள் கணவர் மீது கொலை முயற்சி வழக்கு இருக்கிறது. குற்றப்பத்திரிகையின் சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்கிறது. அன்றிரவு அவர் உங்களிடம் சொன்னதைக் கோர்ட்டில் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பது ஒன்று. "பொண்டாட்டி சாட்சி செல்லாது, நீ போகவே வேண்டாம்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று உங்கள் தங்கையின் விவாகரத்து வழக்கு. அவர் தன் கணவரோடு போனில் பேசியதை அந்தக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்து கோர்ட்டில் போட்டிருக்கிறார், அது செல்லுமா என்பது.

அன்றிரவு கணவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் எழுதாமல் விட்டீர்கள். நல்லது செய்தீர்கள். இனியும் அதை யாருக்கும் எழுத வேண்டாம், வாட்ஸ்அப்பில் சொந்த அக்காவுக்குக்கூட வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது தவறு என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சம்மன் வந்தால் நீங்கள் போக வேண்டும், கூண்டில் ஏற வேண்டும். மனைவி என்பதற்காகச் சாட்சியே சொல்ல மாட்டேன் என்று மறுக்கும் உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. ஆனால் கணவர் உங்களிடம் சொன்ன வார்த்தைகளை நீங்கள் அங்கே சொல்லக் கூடாது. சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதோடு நிற்கவில்லை, நீங்களே சொல்ல விரும்பினாலும் சட்டம் அனுமதிக்காது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் ஊரில் ஆளுக்கொரு பேச்சு.

இந்த இரண்டும் சட்டத்திலேயே தனித்தனிப் பிரிவுகள். 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 120-வது பிரிவு, குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் கணவனோ மனைவியோ தகுதியுள்ள சாட்சி என்றது. 122-வது பிரிவு, திருமண வாழ்க்கையின்போது ஒருவர் தன் துணையிடம் சொன்னதை அந்தத் துணை வெளியே சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது, சொல்ல அனுமதிக்கவும் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் வந்துவிட்டது. அதில் இவை 126, 128 என்று எண் மாறியிருக்கின்றன, சாரம் மாறவில்லை. வக்கீல்கள் பேச்சில் இன்னும் "ஒன் ட்வென்டி டூ" என்றுதான் வரும், குழம்ப வேண்டாம். இலங்கையில் 1895-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மலேசியாவில் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தப் பாதுகாப்பு 122 என்ற அதே எண்ணில்தான் இருக்கிறது. ஆனால் மனைவி எப்போது சாட்சியாகலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு வேறுபடும். அங்கிருந்து படிப்பவர்கள் அதை மட்டும் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

"பொண்டாட்டி சாட்சி செல்லாது" என்பது எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலேயச் சட்டத்தில் கணவனும் மனைவியும் ஒரே ஆள். ஒருவர் வழக்கில் மற்றவர் சாட்சியே ஆக முடியாது. அங்கே சிவில் வழக்குகளில் 1853-ல்தான் அந்தத் தடை போனது. குற்றம் சாட்டப்பட்ட கணவனுக்கு ஆதரவாக மனைவி சாட்சி சொல்ல 1898-ல்தான் பொதுவான வழி பிறந்தது. அரசுத் தரப்பில் சொல்வதற்கான பொது விதி 1984-ல் வந்தது. நம் சட்டமோ 1872-லேயே, சட்டத்தை வரைந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபனின் கையால், எல்லாக் குற்ற வழக்குகளிலும் கணவனும் மனைவியும் தகுதியுள்ள சாட்சி என்று சொல்லிவிட்டது. ஆக, இங்கிலாந்தே விட்டுவிட்ட ஒரு விதியை, இங்கே 150 வருஷமாக இல்லாத ஒன்றை, நம் மக்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இணையத்தில் ஆங்கிலத்தில் தேடினால் அமெரிக்கச் சட்டம்தான் நிறையக் கிடைக்கும். அங்கே நிலைமை வேறு. 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், துணைக்கு எதிராகச் சாட்சி சொல்வதா வேண்டாமா என்பதைச் சாட்சியாக வரும் கணவனோ மனைவியோதான் முடிவு செய்யலாம் என்றது. அது அந்நாட்டின் மத்திய நீதிமன்றங்களுக்கான விதி. அதைப் படித்துவிட்டு நம் ஊர் கோர்ட்டில் "எனக்கு விருப்பமில்லை" என்று நிற்காதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டியது, காதில் விழுந்ததற்கும் கண்ணில் பட்டதற்கும் உள்ள வித்தியாசம். சட்டம் பாதுகாப்பது அவர் சொன்னதை மட்டும்தான். அவர் செய்ததை நீங்கள் பார்த்திருந்தால் அதற்குப் பாதுகாப்பு கிடையாது.

இதை உச்ச நீதிமன்றம் 1954-லேயே, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில் தீர்த்துவைத்தது. கொலை நடந்த அன்று விடிவதற்கு முன், இருட்டாக இருக்கும்போதே, கணவன் கூரையிலிருந்து இறங்கி வந்ததை மனைவி பார்த்தார். மாட்டுத் தீவனம் வைக்கும் அறைக்குள் அவன் போனதையும், வெளியே வந்து குளித்துவிட்டு அதே வேட்டியை மறுபடி கட்டிக்கொண்டதையும் பார்த்தார். நகைகள் எங்கிருந்து வந்தன என்று அவனே மனைவியிடம் சொல்லியும் இருந்தான். நீதிமன்றம் இதை நடுவில் பிரித்தது. அவன் சொன்ன பேச்சு சாட்சியமாகாது. அவன் இறங்கியது, அறைக்குள் போனது, குளித்தது எல்லாம் அவனுடைய நடத்தை, அதை மனைவி சொல்லலாம். ஒரே விடியற்காலை, ஒரே பெண்ணின் நினைவு, அதில் பாதி உள்ளே வந்தது, பாதி வெளியே நின்றது. எழுபது வருஷம் ஆகியும் அடித்தளம் இந்தத் தீர்ப்புதான்.

இதை உங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். அன்றிரவு அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார், என்ன உடுத்தியிருந்தார், கையில் காயம் இருந்ததா, யாராவது கூட வந்தார்களா என்று அரசு வழக்கறிஞர் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். மனைவி என்ற காரணத்தைச் சொல்லி இந்தக் கேள்விகளைத் தவிர்க்க முடியாது. தெரிந்தே பொய் சொன்னால் அது பொய்ச்சாட்சி, ஏழு வருஷம் வரை சிறைத்தண்டனை உள்ள குற்றம். கணவரைக் காப்பாற்றப் போய் நீங்களும் மாட்டிக்கொள்ள வேண்டாம். "அன்றிரவு அவர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டால் மட்டும் நீங்கள் பதில் சொல்லக் கூடாது. தலையாட்டியது, சைகை காட்டியது மாதிரியான இடங்களில் இந்தக் கோடு கொஞ்சம் மங்கும். கேட்ட கேள்விக்குப் பதிலாகத் தலையாட்டினால் அதுவும் சொன்னதற்குச் சமம் என்றுதான் நான் வாதாடுவேன்.

இந்தப் பாதுகாப்பு உங்களுடையது அல்ல, பேசியவருடையது. இங்கேதான் பல பேர் தடுமாறுகிறார்கள். கணவர் சம்மதித்தால் அவர் உங்களிடம் சொன்னதை நீங்கள் சொல்லலாம். அவர் சம்மதிக்காதவரை, நீங்கள் அவர் மீது எவ்வளவு கோபமாக இருந்தாலும் முடியாது. அமெரிக்காவில் ரகசியமாகச் சொன்னதற்கு மட்டுமே பாதுகாப்பு என்று ஒரு நிபந்தனை உண்டு. நம் சட்டத்தில் அந்த வார்த்தையே இல்லை. கல்யாண வாழ்க்கையின்போது துணையிடம் சொன்ன எதுவும், அற்ப விஷயமானாலும், இதற்குள் வரும். கல்யாணத்துக்கு முன்னால் சொன்னது வராது. சட்டப்படி செல்லாத இரண்டாவது திருமணமும், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்வதும் இந்தப் பாதுகாப்பைக் கேட்டு நிற்பது கஷ்டம், ஏனென்றால் பிரிவு பேசுவது திருமணமானவர்களைப் பற்றி.

விவாகரத்து ஆகிவிட்டால்? அப்போதும் பூட்டு திறக்காது. இதற்கு ஒரு திருவனந்தபுரம் வழக்கு உண்டு. 1964-ல் பம்பாயிலிருந்த ஒருவர் திருவனந்தபுரத்தில் இருந்த மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். அதில் மாமனாரைப் பற்றி அவதூறாக எழுதியிருந்தார். மனைவி கடிதங்களைத் தன் அப்பாவிடம் கொடுத்துவிட்டார், அப்பா மருமகன் மீது அவதூறு வழக்குப் போட்டார். பிற்பாடு அந்தத் திருமணமும் முறிந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எழுதியபோது அவர்கள் கணவன் மனைவிதானே, எனவே திருமணம் முடிந்த பிறகும் அந்தப் பெண் கூண்டில் ஏறி அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். ஆனால் அதோடு விடவில்லை. மனைவியின் வாய்வழியாக அல்லாமல் வேறு ஆதாரங்களால் அந்தக் கடிதங்களை நிரூபிக்க முடிந்தால் நிரூபிக்கலாம், 122 அதைத் தடுக்கவில்லை என்றது.

வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள் என்று நான் மேலே சொன்னது இதனால்தான். சட்டம் மூடுவது உங்கள் வாயை மட்டும்தான். அவர் உங்களுக்கு அனுப்பிய மெசேஜ் அவருடைய போனிலிருந்தே கிடைத்தாலோ, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காதில் விழுந்திருந்தாலோ அது வேறு வழி. அதைவிட மோசம், நீங்கள் அக்காவிடம் "இவர் இப்படிச் சொன்னார்" என்று எழுதி வைத்தால், இல்லாத ஒரு வழியை நீங்களே திறந்துவிடுகிறீர்கள்.

போலீஸ் விசாரணையில் ஏற்கனவே ஏதோ சொல்லிவிட்டேன் என்றால் பதற வேண்டாம். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் அதுவாகவே சாட்சியம் ஆகாது, நீங்கள் கூண்டில் மாற்றிச் சொன்னால் முரண்பாட்டைக் காட்ட மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அதில் நீங்கள் சொல்லாததை எழுதியிருந்தால், அதைச் சொல்லவில்லை என்று கோர்ட்டில் சொல்லுங்கள். கணவரின் பேச்சு அதில் இருந்தாலும், அந்தப் பகுதியைக் கோர்ட்டில் உங்கள் வாயிலிருந்து வாங்க முடியாது. இனிமேல் மறுபடி விசாரிக்க வேண்டும் என்று கூப்பிட்டால், பெண்ணான உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, இது சங்கடமானது. குற்றம் செய்துவிட்டு வந்த கணவனுக்கு மனைவி வீட்டில் இடம் கொடுத்தாலோ ஒளித்து வைத்தாலோ, அடைக்கலம் கொடுத்த குற்றம் அவள் மீது வராது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 249-வது பிரிவிலேயே கணவன் மனைவிக்கு விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் ஆதாரத்தை அழிப்பதற்கான 238-வது பிரிவில் அப்படி ஒரு விதிவிலக்கு இல்லை. கதவைத் திறந்து உள்ளே விட்டது வேறு, கறை படிந்த சட்டையை எரித்தது வேறு. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது நடந்திருந்தால் கூண்டில் ஏறும் முன் ஒரு வக்கீலிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். வக்கீலிடம் சொல்வதற்கும் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது.

கோர்ட்டில் நடைமுறையில் எப்படி இருக்கும்? அரசு வழக்கறிஞர் அந்தக் கேள்வியைக் கேட்டதுமே உங்கள் கணவரின் வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். அவர் அசந்துவிட்டால், நீங்களே நீதிபதியைப் பார்த்து, "ஐயா, அது என் கணவர் என்னிடம் சொன்னது, அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று நினைக்கிறேன்" என்று சொல்லலாம். மரியாதையாகச் சொன்னால் எந்த நீதிபதியும் கோபப்பட மாட்டார், அனுமதிக்கக் கூடாது என்ற பொறுப்பைச் சட்டம் அவர் மீதுதான் வைத்திருக்கிறது. பதற்றத்தில் "எனக்கு எதுவும் தெரியாது" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். பார்த்ததையும் சேர்த்து மறுத்ததாகிவிடும், பிறழ் சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்வார்கள்.

இந்தப் பாதுகாப்புக்கு இரண்டு விதிவிலக்குகள். கணவன் மனைவிக்கு இடையிலேயே நடக்கும் வழக்கு ஒன்று. ஒருவர் மற்றவருக்கு எதிராகச் செய்த குற்றத்துக்கான வழக்கு இன்னொன்று. வரதட்சணைக் கொடுமை வழக்கில் "உன்னைக் கொளுத்திவிடுவேன் என்றார்" என்று மனைவி சொல்வதை யாரும் தடுக்க முடியாது. தடுத்தால் அந்தச் சட்டமே அர்த்தமில்லாமல் போகும்.

ஆனால் பிள்ளைகள் அந்த விதிவிலக்கில் இல்லை. என்னை மிகவும் உறுத்துவது இதுதான். அப்பா தன் குழந்தைக்குச் செய்த கொடுமையை மனைவியிடம் ஒப்புக்கொண்டால், பிரிவை எழுத்துப்படி படித்தால் அந்த ஒப்புதலை அம்மா கோர்ட்டில் சொல்ல முடியாது. ஏனென்றால் குற்றம் "மற்றவருக்கு", அதாவது மனைவிக்கு, எதிரானது அல்ல. 2023-ல் சட்டத்தையே புதிதாக எழுதியபோதும் இந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இதைப் படிக்கும் எந்தத் தாயும் "அப்படியானால் நான் வாய் திறக்க முடியாதா" என்று நினைத்துவிடக் கூடாது. குழந்தை உங்களிடம் சொன்னது, நீங்கள் கண்ணால் பார்த்தது, குழந்தையின் உடலில் கண்ட காயம், எதையும் இந்தப் பிரிவு தொடாது. புகார் கொடுப்பதையும் தடுக்காது. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு, இப்படி ஒன்று தெரிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

இனி தங்கையின் வழக்கு. அது கணவன் மனைவிக்கு இடையிலான வழக்கு என்பதால் விதிவிலக்குக்குள் போய்விடுகிறது. இருவரும் தங்களுக்குள் பேசியதை இருவருமே சொல்லலாம். கேள்வி, ரகசியமாகப் பதிவு செய்ததைக் காட்டலாமா என்பது. இதில் சமீபத்தில் இரண்டு தீர்ப்புகள் எதிரெதிர் திசையில் வந்திருக்கின்றன.

2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு வழக்கைத் தீர்த்தார். பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்ட கணவர், மனைவியின் போன் அழைப்புப் பட்டியலை எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறிப் பெற்ற ஆதாரம் செல்லாது என்றார் நீதிபதி. ஒரு விஷயம் கவனியுங்கள்: அழைப்புப் பட்டியல் கணவன் மனைவி பேச்சே அல்ல, மனைவி மற்றவர்களோடு பேசியதன் கணக்கு. 122-க்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை.

அதன் பிறகு 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம், நீதிபதி பி.வி.நாகரத்னா தலைமையிலான அமர்வு, பஞ்சாபின் பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்திலிருந்து கிளம்பிய வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அங்கே கணவர் மனைவியோடு பேசிய பேச்சுகளை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தார். குடும்ப நீதிமன்றம் 2020-ல் அதை ஏற்றது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2021-ல் அந்தரங்க உரிமையைக் காரணம் காட்டி மறுத்தது. உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீக்கிவிட்டது. 122-வது பிரிவின் நோக்கம் திருமணத்தின் புனிதத்தைக் காப்பதுதான், ஒருவருக்கு எதிராக மற்றவருக்கு அந்தரங்க உரிமை கொடுப்பது அதன் நோக்கமல்ல என்றது. நியாயமான விசாரணைக்கான உரிமையும் முக்கியம் என்றது. இப்படி அனுமதித்தால் தம்பதிகள் ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பார்களே என்ற வாதத்துக்கு, வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டாலே அந்த உறவு ஏற்கனவே முறிந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி என்று பதில் சொன்னது.

எனவே இன்றைய நிலையில், ரகசியமாகப் பதிவு செய்தது என்ற ஒரே காரணத்துக்காகத் தங்கையின் வக்கீல் அதைத் தள்ளச் சொன்னால் கோர்ட் கேட்காது. அந்தத் தீர்ப்பின் கடைசி வாதத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. வீட்டில் போனை மறைத்து வைத்தவருக்குத் தான் பதிவாகிறோம் என்று தெரியும். அளந்து பேசுவார், சீண்டுவார். எதிரில் இருப்பவர் அழுதுகொண்டே கொட்டுவார். அந்த அழுகை மட்டும் கோர்ட்டுக்கு வரும். நீதிபதி இதை எடைபோடும்போது நினைவில் வைக்கத்தான் வேண்டும், வக்கீல்தான் நினைவுபடுத்த வேண்டும்.

ஏற்பது வேறு, நம்புவது வேறு. பதிவு வழக்குக்குத் தொடர்புள்ளதா, குரல் அவருடையதுதானா, வெட்டி ஒட்டாமல் துல்லியமாக இருக்கிறதா என்ற மூன்றையும் கணவர்தான் காட்ட வேண்டும். முன்பு 65பி என்றார்களே, அந்த மின்னணுச் சான்றிதழ் இப்போது புதிய சட்டத்தின் 63-வது பிரிவில் இருக்கிறது. தாக்கல் செய்பவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பை மாற்றினால் காட்டிக்கொடுக்கும் கைரேகை போன்ற குறியீடும், அதில் வேண்டும். மூல போனைக் காட்டச் சொல்லுங்கள், துண்டு துண்டாக அல்லாமல் முழுப் பதிவையும் கேளுங்கள், எழுத்து வடிவம் கொடுத்திருந்தால் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பாதி வழக்குகளில் ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கும். தங்கை வழக்கு குடும்ப நீதிமன்றத்திலா, சார்பு நீதிமன்றத்திலா என்பதையும் பாருங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-வது பிரிவு, சாட்சியச் சட்டப்படி ஏற்க முடியாததைக்கூட உதவியாக இருந்தால் ஏற்கும் அதிகாரத்தை அந்த நீதிமன்றத்துக்குத் தருகிறது. சார்பு நீதிமன்றத்துக்கு அந்தத் தாராளம் கிடையாது.

அப்புறம், உங்களுக்கு ஒன்று. கணவரின் வக்கீல் உங்கள் வக்கீல் அல்ல. அவர் கணவரின் நலனைத்தான் பார்க்க முடியும், சில இடங்களில் அது உங்கள் நலனுக்கு நேர் எதிராகப் போகலாம். சாட்சிக்குத் தேதி வருவதற்கு முன் உங்களுக்கென்று ஒருவரிடம் பேசுங்கள். பணம் இல்லை என்று தள்ளிப்போட வேண்டாம், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். போகும்போது சம்மன், குற்றப்பத்திரிகையின் நகல், போலீசிடம் நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.